கொழும்புல இறங்கி பீலி வரைக்கும்: சிலோன்ல எட்டு நாள்

நாள் 1, செவ்வாய், கொழும்பு

சென்னையில பிளைட் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள்ள கட்டுநாயக்கவுல எறங்கியாச்சு. கோத்தகிரியில இருந்து சென்னை வர்றதுக்கே ஒரு ராத்திரி முழுக்க ஆச்சு, கடல் தாண்ட இவ்ளோதானான்னு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி ஆயிருச்சு. ஏன்னா எங்க அப்பாயி 1974ல தலவாக்கலையில கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல எறங்கி, மண்டபம் கேம்புல நாள் கணக்கா கெடந்து அப்பறம்தான் நீலகிரி வந்து சேந்தாங்க, கையில ஒரு வயசுப் புள்ளையா எங்க அப்பா.

எங்க ஊர்ல எங்கள சிலோன்காரங்கன்னுதான் சொல்லுவாங்க. 1964ல சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்துல, அங்க இருந்த இந்திய வம்சாவளித் தோட்ட மக்கள்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க, மிச்சம் இருந்த 1,50,000 பேர பத்து வருஷம் கழிச்சு ஆளுக்குப் பாதின்னு பிரிச்சாங்க. அந்தப் பிரிப்புல அப்பாயி இந்தப் பக்கம், அவங்க கூடப் பொறந்த தங்கச்சி அந்தப் பக்கம். அந்தச் சின்ன அப்பாயியோட எளைய மகன்தான் இன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு வந்த சித்தப்பா. போட்டோவுலயும் போன்லயும் மட்டும் பாத்த மொகம், வெளிய வந்ததும் என் பேக்க வாங்கிட்டு மொதல்ல கேட்டது, "வாம்மா, பசியா இருப்ப, பாணும் சாயத்தண்ணியும் குடிச்சிட்டுப் போவமா?"

பாண்! எனக்கு நடக்கவே ஓடல.

இத நான் சொல்லியே ஆகணும். சின்ன வயசுல அப்பாயி பிரெட்ட பாண்னு சொல்லுவாங்க, சோப்ப சவர்க்காரம்னு சொல்லுவாங்க, ரயில கோச்சின்னு, பீன்ஸ போஞ்சின்னு, முட்டைக்கோஸ கோவான்னு. ஸ்கூல்ல புள்ளைங்க கிண்டல் பண்ணுதுன்னு வீட்டுக்கு வந்து "அப்பாயி அது பாண் இல்ல பிரெட், ஒழுங்கா சொல்லுங்க"ன்னு ஒவ்வொரு வாட்டியும் திருத்துவேன். அவங்களும் "சரி தாயி, பிரெட்டு"ன்னு சொல்லுவாங்க, அடுத்த நாள் மறுபடி பாண்தான். கொஞ்ச நாள்ல எங்கிட்ட பேசும்போது மட்டும் மாத்திக்கிட்டாங்க. அது இப்ப நெனச்சா ரொம்ப வலிக்குது.

சித்தப்பா வீடு கொட்டாஞ்சேனையில, ஒரு சந்துக்குள்ள ரெண்டு ரூம். சித்தி, தங்கச்சி (காலேஜ் படிக்கிறா, சிங்களம் தண்ணியா பேசுறா), அவ்ளோதான் குடும்பம். இன்னைக்கு செவ்வாய்க்கெழமைங்கிறதால சாயந்தரம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இவங்க இந்துக்கள்தான், ஆனா செவ்வாயானா அந்தோனியார்ட்ட போகாம இருக்க முடியாதுன்னு சித்தி சொல்றாங்க, உள்ள பாத்தா தமிழு சிங்களம்னு இல்ல, பொட்டு வச்சவங்க, முக்காடு போட்டவங்கன்னு எல்லாருமே மெழுகுவத்தியோட நிக்கிறாங்க. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்னைக்குக் குண்டு வெடிச்ச எடங்கள்ல இதுவும் ஒண்ணு. சித்தி அன்னைக்கு காலைல காய்ச்சல்னு போகல. அத சொல்லும்போது என் கைய புடிச்சிருந்தாங்க, அப்பறம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

நாள் 2, புதன், கொழும்பு

புறக்கோட்டை. நம்ம சென்னை பாரிஸ் கார்னர் மாதிரின்னு சொல்லலாம், ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு சாமானுக்கு. சித்தப்பா துணிக்கடையில வேல பாக்குறாரு, பதினாறு வயசுல தோட்டத்துல இருந்து வந்தவரு, முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தத் தெருவுல பாதிக் கடையில மூட்ட தூக்குறது, துணி மடிக்கிறது, கல்லாவுல நிக்கிறது எல்லாம் மலையகத்துப் பசங்க. "நீங்க அட்டன் பக்கமா, பதுளை பக்கமா?"ன்னு என்னையே ஒரு தம்பி கேட்டான், என் பேச்ச வச்சு. நான் கோத்தகிரின்னு சொன்னதும் அவனோட அம்மாச்சி கூடலூர்ல இருக்காங்களாம், அவன் பாத்ததே இல்லையாம்.

1908ல கட்ட ஆரம்பிச்ச செவப்பு வெள்ளை பள்ளிவாசல் (ஜாமி உல் அல்ஃபார்), செட்டியார் தெருவுல வரிசையா நகைக்கடை, நடுவுல பழைய கதிரேசன் புதிய கதிரேசன்னு ரெண்டு கோயில், எல்லாம் நடந்தே பாத்தோம். வெயிலு சொல்லி மாளாது.

மத்தியானம் தங்கச்சி நேஷனல் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனா. 1877ல தொறந்த வெள்ளை பில்டிங். அதுல நான் ரொம்ப நேரம் நின்னது ஒரே ஒரு கல்லுக்கு முன்னாடி. சீனாவுல இருந்து கப்பல்ல வந்த செங் ஹே கொண்டாந்து வச்ச கல்லு, 1409னு தேதி போட்டது, சீனம், தமிழ், பாரசீகம் மூணு மொழியில. சீனத்துல புத்தருக்கு, பாரசீகத்துல அல்லாவுக்கு, தமிழ்ல தெனாவரை நாயனார்ங்கிற சாமிக்கு என்னென்ன காணிக்கை குடுத்தாங்கன்னு எழுதியிருக்கு. 1911ல காலி டவுன்ல இந்தக் கல்ல கண்டுபிடிச்சாங்க. எழுத்து தேஞ்சு போய் என்னால ஒரு வரிகூட முழுசா படிக்க முடியல. ஆனா சீனாக்காரன் இந்தத் தீவுக்கு கல்லு வெட்டிக் கொண்டாரணும்னா அதுல தமிழும் வேணும்னு அறுநூறு வருஷத்துக்கு முன்னாடியே நெனச்சிருக்கான், அத நெனச்சுக்கிட்டு அங்கயே நின்னேன், தங்கச்சி ரெண்டு ரவுண்டு சுத்திட்டு வந்து "அக்கா, போவமா?"ன்னா.

சாயந்தரம் காலி முகத்திடல். கடலுக்கு முன்னாடி பெரிய மைதானம், பட்டம் விடுறாங்க, வண்டியில இஸ்ஸோ வடை விக்கிறாங்க, பருப்பு வடை மேல முழு இறால பதிச்சு பொரிச்சிருக்கு, மேல வெங்காயமும் காரமும் போட்டுத் தர்றாங்க. 2022ல நாட்டையே புரட்டிப் போட்ட போராட்டம் நடந்த எடம் இதான், தங்கச்சியும் தெனம் வந்திருக்கா. அப்பாயிக்கு வீடியோ கால் போட்டு கடல காமிச்சேன். "நான் கொழும்பே பாத்ததில்ல தாயி"ன்னாங்க. இருபத்தாறு வருஷம் இந்த நாட்டுல இருந்திருக்காங்க, தோட்டத்த விட்டு வெளிய போனது ரெண்டே தடவ, கடைசி தடவ திரும்பி வரல.

நாள் 3, வியாழன், கண்டி

கோட்டை ஸ்டேஷன்ல காலைல 5:55க்கு பொடி மெனிக்கே ரயில். தங்கச்சி கூட வர்றா, லீவு போட்டுட்டா. ரம்புக்கனை தாண்டினதும் வண்டி மூச்சு வாங்க ஏறுது, கடுகண்ணாவ கிட்ட ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் அப்படியே பள்ளம். நீலகிரி மலை ரயில் பாத்து வளந்தவ நான், இருந்தாலும் கதவுல தொங்கிட்டுதான் வந்தேன். கொழும்புல இருந்து கண்டிக்கு 1867லயே ரயில் வந்துருச்சு, மொதல்ல காப்பிக்கு, காப்பிய நோய் அழிச்சதுக்கு அப்பறம் தேயிலைக்கு. இந்தத் தண்டவாளம் இருக்கிறதே எங்க ஆளுங்க பறிச்சத எறக்கிறதுக்குத்தான்.

தலதா மாளிகை (புத்தரோட பல்லு இருக்கிற கோயில்), கூட்டம், வரிசை, பூ. ஏரிக்கரையில உக்காந்ததுதான் புடிச்சுது. அந்த ஏரிய 1807ல வெட்டுனது கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பொறந்த பேரு கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். 1815ல இங்கிலீஷ்காரன் புடிச்சு நம்ம வேலூர் கோட்டைக்குக் கொண்டாந்துட்டான், 1832ல அங்கயே செத்தாரு, பாலாத்தங்கரையில முத்து மண்டபம்னு சமாதி இருக்கு. தங்கச்சிக்கு ராஜா கதை தெரியும், வேலூர் சமாதி இப்பவும் இருக்குங்கிறது தெரியாது. நான் வேலூர் வழியா எத்தன தடவ பஸ்ல போயிருக்கேன், எனக்கு இந்த ஏரி தெரியாது.

ராத்திரி கொத்து ரொட்டி. கல்லுல அந்த ரெண்டு தகடு தட்டுற சத்தம் தெரு முனை வரைக்கும் கேக்குது.

நாள் 4, வெள்ளி, தலவாக்கலை

அதே பொடி மெனிக்கேய கண்டியில புடிச்சோம். அட்டன் தாண்டினதும் சிங்கமலை சுரங்கம், அரை கிலோமீட்டருக்கு மேல இருட்டு, பெட்டி முழுக்க சின்னப் புள்ளைங்க கத்துது, வெளிய வந்ததும் எங்க பாத்தாலும் தேயிலை. கொட்டகலை தாண்டி செயின்ட் கிளேர் அருவி தெரிஞ்சுது. நான் எதிர்பாக்காதது என்னன்னா எனக்கு ஆச்சரியமே வரல. கோத்தகிரி மாதிரியே இருக்கு. கூடை, சாக்க இடுப்புல கட்டியிருக்கிற விதம், மண்ணு கலரு, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) முன்னாடி காயுற துணி கூட. அப்பறம்தான் புரிஞ்சுது, கோத்தகிரி மாதிரி இது இல்ல, இது மாதிரி கோத்தகிரிய எங்க ஆளுங்க ஆக்கி வச்சிருக்காங்க.

ஸ்டேஷன்ல பெரியப்பா (சித்தப்பாவோட அண்ணன்) த்ரீவீலரோட நின்னாரு. தோட்டம் பேரு வேணாம், தலவாக்கலைக்கு மேல ஒரு மணி நேரம் ஏறணும், கடைசியில ரோடுன்னு சொல்லவே முடியாது.

சின்ன அப்பாயி வாசல்லயே உக்காந்திருந்தாங்க. எழுவத்திரெண்டு வயசு. நான் கால்ல விழப் போனேன், புடிச்சு நிறுத்தி மொகத்த ரெண்டு கையாலயும் திருப்பி திருப்பிப் பாத்தாங்க, "அக்கா மூக்கு"ன்னாங்க. அதோட சரி, அழுகல ஒண்ணும் பண்ணல, "ஒக்காரு, ரொட்டி சுட்டு வச்சிருக்கேன்"னு உள்ள போயிட்டாங்க. தேங்கா ரொட்டி, அம்மியில அரைச்ச கட்டச்சம்பல், அதுல மாசி. எங்க வீட்ல மாசி கெடைக்காம அப்பாயி வேற ஏதோ கருவாட போட்டு அரைச்சுட்டு ஒவ்வொரு தடவையும் "இது சரியில்ல"ன்னு சொல்லுவாங்க, நல்லாத்தான இருக்குன்னு நாங்க சொல்லுவோம். இன்னைக்கு ஒரு வாய் வச்சதும் தெரிஞ்சுது. அவங்க சொன்னது சரி. ஐம்பது வருஷமா சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

ராத்திரி அவங்க கோச்சி ஏத்தி விட்ட கதைய சொன்னாங்க. அழுகைக் கோச்சின்னுதான் பேராம் அதுக்கு. வண்டி கெளம்பினா ஏறுனவங்களும் அழுவாங்க, பிளாட்பாரத்துல நிக்கிறவங்களும் அழுவாங்க, வண்டிய புடிச்சுட்டு ஓடுவாங்களாம். "ஒங்க அப்பாயி அழுகவே இல்ல. ஜன்னல்ல புள்ளைய தூக்கிக் காமிச்சா. நான் அவகிட்ட தேங்கா சீவுற துருவலையத் திருப்பிக் குடுக்கணும்னு கையில வச்சுட்டே நின்னேன், வண்டி போயிருச்சு." எந்திரிச்சுப் போய் அந்தத் துருவலைய எடுத்துட்டு வந்து காமிச்சாங்க. பலகை ரெண்டு தடவ மாத்தியாச்சாம், இரும்பு மட்டும் அதே இரும்பு. மத்தியானம் நான் சாப்பிட்ட ரொட்டிக்குத் தேங்கா துருவுனதும் அதுலதான்.

நாள் 5, சனி, அதே தோட்டம்

நேத்து சிக்னல் இல்ல, ரெண்டு நாளுக்கும் சேத்து இப்பதான் எழுதுறேன்.

காலைல பிரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துக்கு, பெரியம்மா கூட போனேன். பேர் சொல்லி மலை பிரிச்சு விடுறாங்க. ஒரு நாளைக்கு சொன்ன கிலோ பறிச்சாத்தான் முழுப் பேரு, இல்லன்னா அரைப்பேரு, அதாவது பாதிச் சம்பளம். 2021ல இருந்து 2024 வரைக்கும் நாள் சம்பளம் 1,000 ரூபா, கடைசியில அது நம்ம காசுக்கு முந்நூறு கூட வரல, அதுக்கு அட்டை கடியோட, குளிரோட, செங்குத்தான மலையில நின்னு. கொழும்புல நாங்க ரெண்டு பேர் ஒரு வேளை சாப்பிட்டதுக்கு அதுக்கு மேல ஆச்சு. இத மேல மேல பேசுறதுக்கு நான் யாரும் இல்ல, ஆனா பெரியம்மா வெரல பாத்தேன், நகக்கண்ணு முழுக்க தேயிலைச் சாயம் கறுப்பா ஏறியிருக்கு, தேச்சாலும் போகாதுன்னாங்க. 2023ல இந்த மக்கள் இங்க வந்து 200 வருஷம் ஆச்சுன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்கல்ல, பெரியப்பா மகன் கடைசி ரெண்டு நாள் அதுல நடந்திருக்கான்.

இப்ப பீலி. அப்பாயி எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. "ரெண்டாம் நம்பர் லயத்துக்குப் பின்னாடி எறங்குனா பீலி இருக்கும், தண்ணி வருதான்னு பாத்துட்டு வா." மலையில இருந்து வர்ற ஊத்துத் தண்ணிய மூங்கில்லயோ தகரத்துலயோ வாய்க்கால் வச்சு விழ விடுவாங்க, அதான் பீலி. குளிக்கிறது, தொவைக்கிறது, கொடம் புடிக்கிறது, ஊர்க்கதை பேசுறது எல்லாம் அங்கதான்.

ரெண்டாம் நம்பர் லயத்துல பாதிய இடிச்சு அங்க புதுசா தனி வீடு கட்டியிருக்காங்க. பின்னாடி படி உருண்டு போயிருக்கு, சின்ன அப்பாயி என் தோள புடிச்சுக்கிட்டு மெதுவா எறங்குனாங்க. மூங்கில் இல்ல, பிவிசி பைப்பு. மேல ஒரு சிமெண்ட் தொட்டி. ஆனா தண்ணி விழுது, சில்லுன்னு, வெரல் தடிமனுக்கு. பக்கத்துல ஒரு சிக்னல் புள்ளி கெடைச்சுது, ஆடியோ கால்தான் போச்சு. போன தண்ணிகிட்ட புடிச்சேன். அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கல, கட்டாயிருச்சோன்னு நெனச்சேன். அப்பறம் அப்பாயி கொரல், "தொவைக்கிற கல்லு இருக்கா?" இருக்கு அப்பாயி. "அதுல வலது கைப்பக்கம் தடவிப் பாரு, சவர்க்காரம் வைக்க ஒரு குழி இருக்கும், நான் உளிய வச்சு கொத்துனது."

பாசி புடிச்சிருந்துச்சு. கைய வச்சு வழிச்சேன். இருக்கு. என் உள்ளங்கையில பாதி அளவுக்கு ஒரு குழி, வழுவழுன்னு, அதுல யாரோ காலைல வச்சுட்டுப் போன சவர்க்காரத் துண்டு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"இருக்கு அப்பாயி, சவர்க்காரம் கூட இருக்கு"ன்னேன். என் வாயில அந்த வார்த்தை வந்தது அதான் மொத தடவ. சின்ன அப்பாயி போன வாங்கிட்டாங்க, நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்னேன்.

நாள் 6, ஞாயிறு, எல்ல

கெளம்பும்போது துருவலைய என் பேக்ல வைக்கப் பாத்தாங்க, நான் வாங்கல, அது இங்க வேல செஞ்சுட்டு இருக்கு, அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.

ரயில்ல சீட்டு இல்ல, எல்ல வரைக்கும் நின்னுட்டே. பட்டிப்பொல ஸ்டேஷன் 1,891 மீட்டர், இந்த நாட்டுலயே உசரமான ஸ்டேஷன், பஞ்சு மாதிரி மூடுபனி பெட்டிக்குள்ள வருது. எல்லயில ஒம்பது வளைவுப் பாலம், 1921ல முடிச்சது, இரும்பே இல்லாம கல்லும் செங்கலும் சிமெண்டும் வச்சு. அழகுதான், இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா எனக்கு மனசு இன்னும் பீலிகிட்டயே இருந்துச்சு, தங்கச்சிதான் போட்டோ எல்லாம் எடுத்தா.

நாள் 7, திங்கள், காலி

பஸ்ல வெல்லவாய எறங்கி மாத்தறை வந்து, அங்கருந்து கடலோரமா காலி. ஒரே நாள்ல ஸ்வெட்டர கழட்டி வேர்வையில நனைஞ்சாச்சு. வெலிகம, கொக்கல பக்கம் கடலுக்குள்ள நட்டிருக்கிற கம்பு மேல உக்காந்து மீன் புடிக்கிற ஆளுங்க, இப்ப நெறைய பேர் போட்டோவுக்கு காசு வாங்கித்தான் உக்காருறாங்க, மீன்ல வராத காசு அதுல வருதுன்னா உக்காரட்டும்.

காலிக் கோட்டை மொதல்ல போர்த்துக்கீசியன் 1588ல ஆரம்பிச்சது, அப்பறம் டச்சுக்காரன் பெருசா கட்டுனான். 2004 சுனாமியில டவுன் பஸ் ஸ்டாண்ட், கிரிக்கெட் கிரவுண்ட் எல்லாம் தண்ணியில போச்சு, இந்த மதிலு உள்ள இருந்தவங்கள காப்பாத்திருச்சு. மதில் மேல நடந்துட்டே தங்கச்சிகிட்ட அப்பாயி வார்த்தை ஒவ்வொண்ணா சொல்லிட்டு வந்தேன். அவ மொழி படிக்கிற புள்ள, ஒண்ணொண்ணுக்கா ஊர் சொன்னா. பாண், சப்பாத்து (ஷூ), அலுமாரி, கோவா எல்லாம் போர்த்துக்கீசியன்கிட்ட இருந்து வந்தது. கந்தோர் (ஆபீஸ்), போஞ்சி டச்சுக்காரன்கிட்ட இருந்து. இதே கரைக்கு கப்பல்ல வந்த வார்த்தைங்க சிங்களத்துலயும் தமிழ்லயும் ஏறி, மலையேறி லயத்துக்குப் போய், அங்கருந்து அப்பாயியோட கோச்சி ஏறி, கப்பல் ஏறி, கோத்தகிரியில எங்க அடுப்பங்கரைக்கு வந்திருக்கு. அத பிரெட்டுன்னு மாத்தச் சொல்லி நான் சண்ட போட்டிருக்கேன்.

அந்த மூணு மொழிக் கல்லு கெடைச்சதும் இந்த ஊர்லதான்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

நாள் 8, செவ்வாய், கொழும்பு

காலியில இருந்து கரையோர ரயில். பெரலிய வந்தப்ப தங்கச்சி கைகாட்டுனா, 2004 டிசம்பர் 26ல ரயிலயே அலை புரட்டிப் போட்ட எடம், 1,700 பேருக்கு மேல. பெட்டியில பேசிட்டு இருந்த பெரியவங்க ரெண்டு பேர் தானா பேச்ச நிறுத்திக்கிட்டாங்க. வெள்ளவத்தைக்கு அப்பறம் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவுல பாறை மட்டும்தான், ஜன்னல்ல உப்புத் தூறல் அடிக்குது.

நாளைக்கு காலைல பிளைட். சாயந்தரம் கொட்டாஞ்சேனையில சித்தப்பா வீட்டுப் பக்கத்து மளிகைக் கடைக்கு தனியா போனேன். அப்பாயி போன்ல சொல்லச் சொல்ல எழுதுன சீட்டு, அவங்க சொன்ன மாதிரியே எழுதியிருந்தேன். மாசி கால் கிலோ. கொறுக்காய். சீனிச்சம்பல் ஒரு போத்தல். கித்துள் கருப்பட்டி. கடைக்காரர் சீட்ட வாங்கல, "வாசிங்க தங்கச்சி, நான் எடுக்குறேன்"ன்னாரு. நான் ஒண்ணொண்ணா வாசிச்சேன், அவர் ஒண்ணொண்ணா எடுத்து மேசையில வச்சாரு. எதுக்கும் திருப்பிக் கேக்கல.

"வேற?"

"சவர்க்காரம் ஒண்ணு."

"ராணி சந்தனமா?"ன்னு கேட்டுக்கிட்டே அலுமாரியத் தொறந்தாரு. ரெண்டா குடுங்கன்னேன்.